ஆலங்குளத்துத் திண்ணையில் ஒரு கச்சேரி

"ஆலங்குளமா? தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்தானே?" என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ஒரு பக்கம் ராஜபாளையம், இன்னொரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். மேலே கரிசல் மண், கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை நம்பி 1970-ல் வந்தது அரசாங்கச் சிமெண்டு ஆலை.

'சிமெண்டும் கரிசலும் உள்ள ஊரில் சங்கீதத்துக்கு என்ன வேலை?' என்று நினைத்து விடாதீர்கள். இந்த வட்டாரத்தில் அறுபது வயது தாண்டிய யாரிடமாவது "காருகுறிச்சி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கையில் இருக்கும் காப்பி ஆறிப் போகும், பேச்சு ஆறாது!

இன்று உங்களை அப்படி ஒரு வீட்டுத் திண்ணைக்கு அழைத்துப் போகப் போகிறேன். திண்ணையும் அதிலே உட்கார்ந்திருப்பவர்களும் என் கற்பனைதான். ஆனால் அவர்கள் போடும் சண்டை இருக்கிறதே, அது கற்பனை அல்ல. சங்கீதம் உள்ள ஊரிலெல்லாம், கடல் கடந்த அமெரிக்காவில்கூட, ரசிகர்கள் போடுகிற அசல் சண்டை அது. வாருங்கள், நாமும் ஓர் ஓரமாக உட்கார்ந்து கொள்வோம்.

குருவா, சிஷ்யரா?

வீட்டுக்காரர் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் அவரை 'அண்ணாச்சி' என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். எதிர்த் திண்ணையில் அவருடைய தங்கை புருஷர், ராஜபாளையத்து நூல் மில்லிலே முப்பது வருஷம் உழைத்தவர். அண்ணாச்சியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மேளம் யாரை வைப்பது என்று பேசத்தான் மச்சான் இருவரும் கூடினார்கள். பேச்சு எங்கே போய் நின்றது தெரியுமா?

"என்ன இருந்தாலும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு மிஞ்சி யார் மச்சான் இருக்காக? தோடின்னா அவுகதான்" என்கிறார் அண்ணாச்சி.

"தோடி அவுகளுதுதான், இல்லேங்கல. ஆனா காருகுறிச்சி அருணாசலம் வாசிச்சா மனசு இளகிப் போகுமே! அந்தக் குழைவு குருகிட்ட உண்டா? நீங்களே சொல்லுங்க மச்சான்!"

இரண்டு பேரும் சளைத்தவர்கள் அல்ல.

ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது 1898-ல், மறைந்தது 1956 டிசம்பரில். வாய்ப்பாட்டும் கற்றவர் அவர். அதனால் அவருடைய நாதஸ்வரம் வாத்தியம்போல ஒலிக்காமல், ஒரு மனிதர் பாடுவதுபோல ஒலித்தது என்பார்கள். முன்பெல்லாம் 'திமிரி' என்ற குட்டை நாயனம்தான் வழக்கம். அதன் சுருதி தூக்கலாக இருக்கும். அதை விட்டு, நீளமான, சுருதி தணிந்த 'பாரி' நாயனத்தை நிலைநிறுத்தியவர் அவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த நாயனங்கள் அந்த மாறுதலுக்குத் துணை நின்றன. அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்னொன்றும் செய்தார் அவர். நாதஸ்வர வித்வான் என்றால் இடுப்பிலே துண்டைக் கட்டிக் கொண்டு, தெருவில் நின்றபடியேதான் வாசிக்க வேண்டும் என்று இருந்த காலம் அது. அவர் ஷெர்வானி அணிந்து, மேடையேறி, மற்ற வித்வான்களுக்குச் சமமாக உட்கார்ந்து வாசித்தார். அந்த உரிமையை அவர் கேட்டு வாங்கினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் அந்த மேடையில்தான் உட்கார்ந்தார்கள்.

அருணாசலம் 1921-ல் பிறந்தவர். சேரன்மகாதேவிப் பக்கத்தில் உள்ள காருகுறிச்சி சொந்த ஊர். ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகச் சேர்ந்து, அவர் பக்கத்திலேயே நின்று வாசித்து, பிறகு தனியாகப் பெயரெடுத்தார். கோவில்பட்டியில் குடியேறினார். 1964 ஏப்ரலில் காலமானபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. கோவில்பட்டியில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது. ஒரு நாதஸ்வரக்காரருக்கு ஊர் நடுவே சிலை என்றால், அந்த ஊர் மக்கள் எப்படிப்பட்ட ரசிகர்களாக இருந்திருக்க வேண்டும்!

அந்தக் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் என்ற சின்னக் கிராமத்தில் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். இருவருமே 1923-ல் பிறந்தவர்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். இருவரும் பிறகு சாகித்ய அகாடமி பரிசு பெற்ற பெரிய எழுத்தாளர்கள் ஆனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எழுத்துப் பைத்தியத்துக்குச் சற்றும் குறையாத சங்கீதப் பைத்தியம் அவர்களுக்கு இருந்தது. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடக் கூடிய விளாத்திகுளம் சுவாமிகள் அந்தப் பக்கத்து மகாவித்வான். அவர் பாட்டும், ராஜரத்தினம், காருகுறிச்சி நாதஸ்வரமும் அந்தக் கரிசல் காட்டு ரசிகர்களுக்குச் சோறு தண்ணீர் மாதிரி.

ஆகவே, ஆலங்குளத்துத் திண்ணையில் நடக்கும் வழக்கு இன்று நேற்று முளைத்தது அல்ல!

பேரன் கொண்டு வந்த சங்கதி

இந்தச் சமயத்தில் அண்ணாச்சியின் மகன் வாசலில் வந்து நிற்கிறான். பெங்களூரிலே கம்ப்யூட்டர் வேலை. காதில் எப்போதும் ஏதோ மாட்டியிருக்கும். தங்கை கல்யாணத்துக்காக லீவிலே வந்திருக்கிறான்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் போடுற சண்டையை நாங்க பெங்களூர்ல தினம் போடுறோம். நீங்க ராஜரத்தினம், காருகுறிச்சிங்கறீங்க. நாங்க கிங் ஆலிவர், லூயி ஆம்ஸ்ட்ராங்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்!"

"அது யாருலே?" என்கிறார் மாமா.

ஜாஸ் என்று ஒரு சங்கீதம் உண்டு, கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பு மக்களிடையே பிறந்தது. திருவிழாவானாலும் சவ ஊர்வலமானாலும், ஊதுகுழல்களும் பறையுமாகத் தெருவில் வாசித்துக் கொண்டே போவார்கள். தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக் கொண்டு, மனம் போன போக்கில், அந்த நிமிஷத்தில் தோன்றுகிற கற்பனையை எல்லாம் சேர்த்து வாசிப்பார்கள். நம் ஊரில் இதற்கு மனோதர்மம் என்று பெயர். ராகம் வேறு, தாளம் வேறு, வாத்தியம் வேறு. ஆனால் தெருவில் பிறந்து மேடைக்கு வந்த கதை ஒன்றுதான்.

அந்த ஊரில் ஜோ 'கிங்' ஆலிவர் என்று ஒரு கார்னெட் வித்வான். கார்னெட் என்பது பித்தளை ஊதுகுழல். ஏழைப் பையனான லூயி ஆம்ஸ்ட்ராங் 1901-ல் அதே ஊரில் பிறந்தவன். ஆலிவர்தான் அவனுக்கு வழிகாட்டி. பிறகு ஆலிவர் சிகாகோ நகரம் போய்ப் பெரிய கோஷ்டி அமைத்தார். 1922-ல் சிஷ்யனை அங்கே வரவழைத்து, தம் பக்கத்திலேயே இரண்டாவது கார்னெட்டாக வாசிக்க வைத்தார்.

அடுத்த வருஷம், 1923-ல், இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் என்ற ஊரில் அவர்கள் பிளேட் கொடுத்தார்கள். மைக் வருவதற்கு முந்திய காலம் அது. ஒரு பெரிய புனல். அதற்கு முன்னால் எல்லாரும் நெருக்கி நின்று வாசிக்க வேண்டும். என்ன ஆயிற்று தெரியுமா? சிஷ்யனின் ஊதல் குருவின் ஊதலை அமுக்கி விட்டது! வேறு வழியில்லாமல் லூயியை மட்டும் தள்ளி, தூரத்தில் போய் நிற்கச் சொன்னார்கள். எல்லாரும் ஒன்றாக நிற்க, அவர் மட்டும் ஒரு மூலையில் தனியாக நின்றார்.

"பார்த்தீகளா மச்சான், சிஷ்யன்தான் கெட்டி!" என்று துள்ளுகிறார் ராஜபாளையத்து மாமா.

"எட்டி நில்லுன்னா எட்டி நின்னான் பாருங்க, அந்தப் பணிவு யாரு கொடுத்தது? குரு கொடுத்தது!" என்கிறார் அண்ணாச்சி.

லில் என்ற பெண்மணி

இந்தக் கதையில் நம் சகோதரிகள் தெரிந்து கொள்ள வேண்டிய ஒரு பெண்மணி இருக்கிறாள். அந்தக் கோஷ்டியில் பியானோ வாசித்தவள் லில் ஹார்டின். முறையாகச் சங்கீதம் படித்தவள். மூலையில் தனியாக நின்ற லூயியை அவள் கவனித்தாள். 1924-ல் இருவரும் மணந்து கொண்டார்கள்.

"நீ எத்தனை நாளைக்கு இரண்டாவது ஆளாகவே நிற்பாய்?" என்று கணவனைத் தூண்டியவள் அவள்தான். குருவை விட்டுப் பிரிய லூயிக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவள் விடவில்லை. அதே வருஷம் அவர் நியூயார்க் போனார். 1925 முதல் 1928 வரை 'ஹாட் பைவ்', 'ஹாட் செவன்' என்ற பெயர்களில் அவர் கொடுத்த பிளேட்டுகளை ஜாஸ் ரசிகர்கள் இன்றும் பூஜிக்கிறார்கள். அந்த 'ஹாட் பைவ்' பிளேட்டுகளில் பியானோ வாசித்தவள் யார் என்கிறீர்கள்? லில்தான்!

இருவருக்கும் பிற்பாடு ஒத்துப் போகவில்லை. 1938-ல் விவாகரத்து ஆயிற்று. 1971 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் காலமானார். அடுத்த மாதம் சிகாகோவில் அவர் நினைவாக ஒரு கச்சேரி நடந்தது. லில் மேடையேறிப் பியானோ வாசித்தாள். வாசித்துக் கொண்டிருக்கும்போதே சாய்ந்தாள். உயிர் பிரிந்து விட்டது.

குரு ஆலிவரின் கதை இன்னும் துயரமானது. ஈறு நோய் வந்து பற்கள் போயின. பல் போனால் ஊதுகுழல்காரருக்கு என்ன மிஞ்சும்? ஒரு பந்தாட்ட விடுதியில் எடுபிடி வேலை பார்த்து, ஏழையாகவே 1938-ல் இறந்தார். உலகப் புகழ் பெற்ற சிஷ்யரோ, கடைசி வரையில் அவரைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துத்தான் பேசினார்.

திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மூன்று நிமிஷத்துத் தோடி

மௌனத்தைக் கலைத்தவன் பையன்தான். "அப்பா, ராஜரத்தினம் தோடிங்கறீங்களே, நீங்க நேர்ல கேட்டிருக்கீங்களா?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக் கொள்கிறார். அவர் பிறக்கும் முன்பே ராஜரத்தினம் பிள்ளை போய் விட்டார். "பிளேட்ல கேட்டேன். ரேடியோவுல கேட்டேன். இப்போ செல்போன்லயும் கேக்குறேன்."

"மாமா, நீங்க?"

"நானும் அப்படித்தான்" என்கிறார் மாமா மெதுவாக.

பார்த்தீர்களா! ஜென்ம விரோதிகள் மாதிரி மோதிக் கொண்ட இரண்டு ரசிகர்களும், தங்கள் தெய்வங்களை நேரில் கேட்டதே இல்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிளேட் என்ற ஒன்று இல்லாவிட்டால் நமக்கு இந்த வித்வான்களே இல்லை. ஆனால் அந்தப் பழைய பிளேட்டின் சங்கடத்தையும் நினைத்துப் பாருங்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சிப் போனால் மூன்றரை நிமிஷம். ஊர்வலத்தில் மணிக்கணக்காகத் தோடி வாசிக்கும் மனிதரிடம், "ஐயா, மூன்று நிமிஷத்தில் முடியுங்கள்" என்றால்? சமுத்திரத்தைச் செம்பிலே மொண்டு கொடுக்கச் சொல்வது போலத்தான். ஆனாலும் அவர் மொண்டு கொடுத்தார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிப் பிளேட் கிராமபோன் இருந்த வீடுகளிலெல்லாம் தேயத் தேயச் சுழன்றது.

ஜாஸ்காரர்களுக்கும் இதே கதிதான். இரவு முழுவதும் வாசிக்கிறவர்கள், பிளேட்டில் மூன்று நிமிஷத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. 1948-ல் நீண்ட நேரம் ஓடும் 'லாங் பிளே' தட்டு வந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

அதனால்தான் "பிளேட்டிலே கேட்டதை வைத்து ஒரு வித்வானை எடை போடலாமா?" என்ற கேள்வி இரண்டு தேசத்து ரசிகர்களிடமும் தீராமல் இருக்கிறது.

ஆச்சி வாய் திறக்கிறாள்

இத்தனை நேரமும் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்த ஆச்சி இப்போது எட்டிப் பார்க்கிறாள். அண்ணாச்சியின் தாயார். எண்பதைத் தாண்டி விட்டாள்.

"நான் கேட்டிருக்கேன்லே."

மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் திரும்புகின்றன.

"ஆச்சி! காருகுறிச்சியையா?"

"ஆமா. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துல. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு இருக்கும். பொம்பளைகளுக்கு முன்னால இடம் ஏது? பந்தலுக்குப் பின்னால மாட்டுத் தொழுவத்து ஓரமா நின்னோம். ஆளைப் பாக்கல. சத்தந்தான் வந்துச்சு."

"எப்படி இருந்துச்சு அத்தை?" என்கிறார் மாமா. குரலே மாறி விட்டது.

"எப்படி இருந்துச்சுன்னா... நான் என்னத்தச் சொல்ல? கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பக்கத்துல நின்னா. பிள்ளை அழுதுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு அழுகையை நிப்பாட்டிருச்சு. அவளும் தட்டிக் கொடுக்குறதை நிப்பாட்டிட்டா. எல்லாரும் அப்படியே நின்னோம். ராகம் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. முடிஞ்சப்புறம் பாத்தா, கால் மரத்துப் போயிருக்கு!"

நேயர்களே, ராகத்தின் பெயர் தெரியாத இந்த ஆச்சியின் விமர்சனத்துக்கு மேலே எந்தப் பண்டிதர் எழுதி விட முடியும்?

நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். ஆச்சா மரத்திலே கடைந்த உடல். அடியிலே அகன்ற அணசு. மேலே நாணலில் செய்த சீவாளி. கோயில் வாசலில் ஊதினால் தெருக்கோடி வரை போக வேண்டும் என்பதற்காகவே அதற்கு அந்த உருவம். பக்கத்தில் மைக்கை வைத்துப் பிடித்து, சின்னப் பெட்டிக்குள் அடைத்துக் கேட்டால், அதன் கம்பீரத்தில் பாதிதான் காதில் விழும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போகும்போது, கூட்டத்திலிருந்து கொஞ்சம் ஒதுங்கி நின்று கேட்டுப் பாருங்கள். தூரத்திலிருந்து நாயனம் காற்றோடு வரும்போது தெரியும், ஆச்சி சொன்னது எவ்வளவு நிஜம் என்று.

சினிமாவுக்கு வாசிக்கலாமா?

"அதெல்லாம் சரி அத்தை, உங்க காருகுறிச்சி சினிமாவுக்கு வாசிச்சாரே? அது தப்பா, சரியா?" இது பழைய வழக்கு. அண்ணாச்சி கேட்பார் என்று எதிர்பார்த்தால், கேட்டவர் மாமா!

1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைப்பில், ஆபேரி ராகத்தில் எஸ். ஜானகி பாடிய பாட்டு. எது என்று நான் சொல்லவும் வேண்டுமா? குரலும் நாயனமும் ஒன்றையொன்று துரத்தும் அந்தப் பாட்டில் நாதஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சியார்தான். அந்தப் பாட்டினால்தான் கச்சேரிக்கே போகாத லட்சக்கணக்கான வீடுகளில் அவர் பெயர் நுழைந்தது.

"சினிமாவுக்குப் போனால் சங்கீதம் கெட்டுப் போகும்" என்று அந்தக் காலத்திலும் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவருடைய குருவே 1940-ல் 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாக நடித்தவராயிற்றே! பிறகு கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதை 1968-ல் படமானபோது, திரையில் சிவாஜி கணேசன் ஊத, பின்னால் நிஜமாக ஊதியவர்கள் மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும்.

ஜாஸ் மட்டும் என்னவாம்! பம்பாய் ஹோட்டல்களில் வாசித்த கோவாக்காரர்கள்தாம் இந்திப் படங்களுக்குள் ஜாஸைக் கொண்டு வந்தார்கள். 'சிக் சாக்லேட்' என்று அழைக்கப்பட்ட ஒருவரை 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்' என்றே சொன்னார்கள். 1951-ல் வந்த 'அல்பேலா' படத்துப் பாட்டுகளில் அவர் கை உண்டு.

"இன்னொரு சமாசாரம் மாமா" என்கிறான் பையன். "சார்லி மரியானோன்னு அமெரிக்காவுல ஒரு பெரிய சாக்ஸபோன் வித்வான். அவரு மலேசியாவுக்கு வந்தவரு, அங்கே நம்ம நாதஸ்வரத்தைக் கேட்டுட்டு, அதைக் கத்துக்கணும்னு பிடிவாதமா உட்கார்ந்துட்டாரு! ஜாஸ் கச்சேரியிலேயே நாதஸ்வரம் வாசிச்சாரு."

1960-களின் பிற்பகுதியில் நடந்தது அது. இங்கிருந்து அங்கே போனது நாயனம் என்றால், அங்கிருந்து இங்கே வந்தது சாக்ஸபோன். மங்களூர்ப் பக்கத்து நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பாண்டிலே சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதில் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டினார். 1994-ல் வந்த 'டூயட்' படத்தில் ஒலித்தது அவர் வாத்தியம்தான். 2019-ல் அவர் மறைந்தார்.

கல்யாண வீட்டுக் கேள்வி

"ஊருக் கதையெல்லாம் பேசியாச்சு. கல்யாணத்துக்கு மேளம் யாருன்னு சொல்லலையே?" என்கிறாள் ஆச்சி.

அண்ணாச்சிக்கு ஒரு யோசனை இருந்தது. "அம்மா, இப்போ யாரும்மா அந்த மாதிரி வாசிக்குறாக? பேசாம நல்ல ஸ்பீக்கராக் கட்டி, ராஜரத்தினம் தோடியையும்..."

"காருகுறிச்சியையும்!" என்கிறார் மாமா.

"...ரெண்டு பேரையும் போட்டுட்டா என்ன? தாலி கட்டும்போது கெட்டிமேளமும் அதுலயே இருக்கு. உசந்த வித்வான்க வாசிச்சதாவும் ஆச்சு, செலவும் மிச்சம்."

மச்சான் இருவரும் ஒத்துப் போன முதல் விஷயம் இதுதான். பையன்கூடத் தலையை ஆட்டினான்.

ஆச்சி கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏம்லே, ஒண்ணு கேக்குறேன். ராசரத்தினம் பிள்ளை பிளேட்டு வந்ததும், 'இனி அதைப் போட்டாப் போதும், வேற நாயனக்காரன் எதுக்கு'ன்னு அன்னைக்கு எல்லாரும் சொல்லியிருந்தா, காருகுறிச்சிப் பையன் எந்தக் கல்யாணத்துல வாசிச்சிருப்பான்? நான் எங்கன போய்க் கேட்டிருப்பேன்?"

யாரும் பேசவில்லை.

"செத்துப் போனவுக வாசிப்பு எங்கயும் போகாது. உங்க போன்லயே கெடக்கும். உசுரோட இருக்குறவன் வாசிப்புத்தான், நாம கூப்பிடலேன்னா போயிரும். இன்னைக்கு வர்ற பையன் சுமாராத்தான் வாசிப்பான். வாசிக்கட்டும். நாலு கல்யாணத்துல வாசிச்சாத்தானே அஞ்சாவதுல நல்லா வாசிப்பான்?"

சகோதரிகளே, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பேச்சுக்காகத்தான். நாம் ரசிகர்கள், மறைந்தவர்களைப் போற்றுவதில் கெட்டிக்காரர்கள். அந்தப் போற்றுதலே இருக்கிறவர்களின் பிழைப்புக்கு உலை வைத்து விடக் கூடாது அல்லவா? ஆலிவர் ஊதுவதை நிறுத்தியது ஈறு நோய். நம் ஊர் நாயனக்காரரின் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அவரை நிறுத்தப் போவது நாமாக இருந்து விடக் கூடாது.

பெண்கள் இதில் வெறும் கேட்கிறவர்கள் மட்டும் அல்ல என்பதையும் சொல்லி வைக்கிறேன். மதுரை எம். எஸ். பொன்னுத்தாய், ஆண்களுக்கே உரியது என்று ஒதுக்கி வைத்திருந்த நாயனத்தைத் துணிந்து கையில் எடுத்து, கோயில்களிலும் மேடைகளிலும் வாசித்தார், 2012-ல் காலமானார். ஷேக் சின்ன மௌலானாவிடம் கற்ற காலீஷாபி, கணவர் மெகபூப் சுபானியோடு ஜோடியாக வாசிக்கிறார். 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது இருவருக்கும் கிடைத்தது.

நாம் என்ன செய்யலாம்?

கல்யாணத்தில் ஜவுளி, நகை, சமையல் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்பவர்கள் நீங்கள். மேளத்துக்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

முதலாவது: மேளக்காரரை முன்கூட்டியே பார்த்துப் பேசுங்கள். "என்னென்ன வாசிப்பீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே அவர் சாதகம் பண்ணி விட்டு வருவார்.

இரண்டாவது: மாப்பிள்ளை அழைப்பின்போது ஒரு மல்லாரி கேளுங்கள். சுவாமி புறப்பாட்டுக்கு உரியது அது. கம்பீர நாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தவிலோடு சேர்ந்து எழும்பும்போது தெருவே நிமிர்ந்து உட்காரும்.

மூன்றாவது: முகூர்த்தத்துக்கு முந்தின மாலை அரைமணி நேரம் ஸ்பீக்கர் பாட்டை நிறுத்தி விட்டு, "ஒரு ராகம் நிதானமாக வாசியுங்கள்" என்று சொல்லுங்கள். குழந்தைகளை முன்னால் உட்கார வையுங்கள். ராகத்தின் பெயர் தெரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆச்சிக்குத் தெரிந்ததா?

நான்காவது, மிகவும் முக்கியமானது: அவர்களுக்கு நல்ல இடத்தில் ஆசனம் போடுங்கள். பந்தியில் கடைசியாக அல்ல, மற்றவர்களோடு உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். பேசிய பணத்தைக் கேட்கும் முன் கொடுங்கள். ராஜரத்தினம் பிள்ளை போராடி வாங்கிய மரியாதை அது.

*

திண்ணையை விட்டு நாமும் எழுந்திருக்கும் நேரம் வந்து விட்டது. அண்ணாச்சி யாருக்கோ போன் போடுகிறார்.

"ஆமா தம்பி, முதல் நாள் சாயங்காலமே வந்துருங்க... ஆமா, ரெண்டு நாயனம், ரெண்டு தவில்... தம்பி, ஒரு விஷயம். தோடி வாசிப்பீகளா?"

எதிர்முனையில் என்ன பதில் வந்ததோ! அண்ணாச்சி போனை மூடிக் கொண்டு மச்சானிடம் ரகசியமாகச் சொல்கிறார்:

"பயந்துக்கிட்டேதான் 'வாசிக்கிறேன்'னான் மச்சான்."

"பயம் இருந்தா நல்லாத்தான் வாசிப்பான்" என்கிறார் ராஜபாளையத்து மாமா. "ஆனா ஆபேரியும் கேட்டிருக்கலாம்!"

நிலைப்படிக்கு உள்ளே ஆச்சி சிரித்துக் கொண்டே கீரைத் தட்டைத் திரும்பவும் மடியில் எடுத்து வைத்துக் கொள்கிறாள். இந்தத் தடவை பந்தலுக்குப் பின்னால் நிற்க வேண்டாம்; முன்வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி நிச்சயம்!